முதல் பெயராக வராத முதல்தர நடிகர்

படம் தொடங்கும்போது திரையில் பெயர்கள் வரும் அல்லவா? முதலில் வருவது கதாநாயகனின் பெயர். அதை எல்லாரும் படிக்கிறோம். அடுத்து நாயகியின் பெயர். அதையும் படிக்கிறோம். அதற்குப் பிறகு ஐந்தாறு பெயர்கள் வரிசையாக வரும்போது, பிள்ளையை மடியில் சரியாக உட்கார வைப்போம். கச்சான் பொட்டலத்தைப் பிரிப்போம். அந்தப் பெயர்களை யார் படிக்கிறார்கள்?

ஆனால் படம் ஓடத் தொடங்கியதும் அந்த ஐந்தாறு பேரில் ஒருவர் வந்து நிற்பார். "அடடே, இவரா! இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே!" என்போம். பெயர் நினைவுக்கு வராது. முகம் மட்டும் நம் சொந்தக்காரர் முகம் போல இருக்கும். இப்படிப்பட்டவரைத்தான் குணச்சித்திர நடிகர் என்கிறோம். வீட்டுக்குத் தூண் எப்படியோ அப்படித்தான் படத்துக்கு இவர்கள். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் கோலத்தைப் புகழ்வார்கள், கதவைப் புகழ்வார்கள். தூணைப் புகழ்ந்தவர் உண்டா?

அப்படி ஏறத்தாழ 48 ஆண்டுகள் தூணாக நின்ற ஒரு ஸ்காட்லாந்து நடிகரை இந்த வாரம் உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறோம். அவர் பெயர் கோர்டன் ஜாக்சன்.

ஸ்காட்லாந்து என்றதும் அது ஏதோ எட்டாத சீமை என்று எண்ண வேண்டாம், வாசகர்களே. வெள்ளைக்காரர் காலத்தில் நம் தோட்டங்களை நடத்திய துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம். ரப்பரில் பெயர் பெற்ற கத்ரி கம்பெனியை 1821-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரியும் ஸ்காட்லாந்துக்காரரே. ஆனால் நாம் பார்க்கப் போகிறவர் துரை வம்சத்தில் வந்தவர் அல்லர். தொழிற்சாலையில் வேலை பழகியவர்.

பதினைந்து வயதில் பட்டறை

1923-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் கிளாஸ்கோ நகரில் கோர்டன் ஜாக்சன் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. கிளாஸ்கோ, கிளைட் ஆற்றங்கரையில் உள்ள தொழில் நகரம். அந்த நாளில் அது கப்பல் கட்டும் துறைகளும் இரும்புப் பட்டறைகளும் புகைபோக்கிகளும் நிறைந்த ஊராக இருந்தது. காலைச் சங்கு ஊதினால் ஊரே வேலைக்குக் கிளம்பும். பெரட்டுக்கு மணியடித்தால் எழும்பிப் பழகிய நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிப் பருவத்திலேயே பி.பி.சி. வானொலியின் சிறுவர் நிகழ்ச்சிகளில் பேசி நடிக்கும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. ஆனால் அது சோறு போடும் தொழிலா? 15 வயதில் பள்ளியை விட்டார். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் இயந்திர வரைபடம் தீட்டும் வேலையில் சேர்ந்தார். ரோல்ஸ்-ராய்ஸ் என்றால் நமக்குப் பெரிய மனிதர்களின் கார்தான் நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த நிறுவனம் போர் விமானங்களுக்கு வேண்டிய இயந்திரங்களைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கோடு தவறினாலும் ஓர் ஆணி பொருந்தாது. ஓர் ஆணி பொருந்தாவிட்டால் விமானம் பறக்காது. அப்படிப்பட்ட வேலை அது.

அந்த நேரத்தில்தான் லண்டனில் இருந்த ஈலிங் ஸ்டூடியோ ஒரு படம் எடுக்க முனைந்தது. 'தி ஃபோர்மேன் வென்ட் டு பிரான்ஸ்' என்பது அதன் பெயர். பகைவர் கையில் சிக்காமல் பிரான்சிலிருந்து முக்கியமான இயந்திரங்களை மீட்டு வரும் ஒரு தொழிற்சாலைக் கங்காணியின் கதை. அதில் ஓர் இளம் ஸ்காட்லாந்து சிப்பாய் தேவைப்பட்டான். யாரோ இவர் பெயரைச் சொல்லவே, அழைப்பு வந்தது. படம் 1942-ல் வெளிவந்தது.

ஒரு படத்தில் தலை காட்டியவுடன் இளைஞர் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? வேலையை உதறிவிட்டுக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிந்திருப்பார் என்றுதானே? அதுதான் இல்லை. நடித்து முடித்ததும் நேராகத் தம் வரைபட மேசைக்கே திரும்பிப் போனார். மறுபடியும் அழைத்தார்கள், போய் நடித்தார். மீண்டும் மீண்டும் அழைப்பு வந்த பிறகுதான், இனி இதுவே நம் தொழில் என்று முடிவு செய்தார். கிளாஸ்கோ, பெர்த், வொர்திங் ஆகிய ஊர்களின் நாடகக் குழுக்களிலும் சேர்ந்து நடித்துத் தொழில் பழகினார்.

போர்க்காலப் பிள்ளை

அந்த நாளைய படங்களில் இவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சிப்பாய், கப்பல் பையன், விமானப்படை வீரன் ஆகிய வேடங்கள். 1943-ல் வந்த 'மில்லியன்ஸ் லைக் அஸ்' படத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். விமானத் தொழிற்சாலையில் வேலைக்குப் போகும் சாதாரணக் குடும்பத்துப் பெண்களின் கதை அது. அதில் ஒரு பெண்ணைக் கைப்பிடிக்கும் வெட்கம் நிறைந்த விமானப்படை இளைஞன் இவர். கல்யாணமாகிச் சில நாளில் போருக்குப் போனவன் திரும்பி வருவதில்லை. அந்தப் பெண் மறுபடியும் தன் தோழிகளோடு தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். இன்றும் அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் அந்த வெட்கப்படும் முகத்தை மறப்பதில்லை.

1946-ல் வந்த 'தி கேப்டிவ் ஹார்ட்' படத்தில் போர்க் கைதிகள் முகாமில் கண்பார்வையை இழக்கும் இளம் அதிகாரியாக நடித்தார். ஊரில் காத்திருக்கும் பெண்ணுக்குத் தன்னால் பாரம் வரக்கூடாது என்று எண்ணி உறவை முறித்துக்கொள்ள முயலும் வேடம் அது. சத்தம் போட்டு அழாமல் சபையை அழ வைக்கும் வித்தை இவருக்கு 22 வயதிலேயே கைவந்துவிட்டது.

கப்பல் துறையில் கிடைத்த துணை

1949-ஆம் ஆண்டு இவர் வாழ்வில் இரு விதத்தில் முக்கியமானது. முதலாவது, 'விஸ்கி கலோர்' என்ற படம். ஸ்காட்லாந்தின் மேற்கே பர்ரா என்ற தீவில் எடுக்கப்பட்டது. 1941-ல் எரிஸ்கே தீவுக்கு அருகே மதுப் பெட்டிகளோடு ஒரு கப்பல் தரைதட்டிய உண்மை நிகழ்ச்சியை வைத்துப் பின்னப்பட்ட நகைச்சுவைக் கதை. கப்பல் கண்ணெதிரே கிடக்கிறது. ஆனால் பொழுது விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. ஓய்வு நாளில் வேலை செய்வது பாவம் என்று ஊரே கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் காட்சி வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும். அதில் அம்மாவுக்குப் பயந்து நடுங்கும் பள்ளி ஆசிரியர் வேடம் இவருக்கு. வளர்ந்த மகனை இன்னும் கைக்குழந்தையாகவே நடத்தும் தாய், அவனை அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்று தண்டிக்கிறாள்! கடைசியில் அந்த மகன் நிமிர்ந்து நின்று, "எனக்குக் கல்யாணம்" என்று சொல்லத் துணியும் கட்டம் இருக்கிறதே, அதில் சிரிப்பும் உண்டு, இரக்கமும் உண்டு.

இரண்டாவது, 'ஃப்ளட்டைட்' என்ற படம். பண்ணையை விட்டுக் கிளைட் ஆற்றுக் கப்பல் துறைக்கு வந்து கப்பல் வடிவமைப்பவனாக உயரும் ஏழை இளைஞன் இவர். முதலாளியின் மகளாக நடித்தவர் ரோனா ஆண்டர்சன் என்ற எடின்பரோ நகரத்து நடிகை. படத்தில் தொடங்கிய பழக்கம் 1951-ல் திருமணத்தில் முடிந்தது. இரண்டு ஆண் குழந்தைகள். நடிகர் வீட்டுக் கல்யாணம் நாலு நாள் என்று பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: மரணம் வந்து பிரிக்கும்வரை இவர்கள் பிரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1969-ல் மேகி ஸ்மித்துக்கு ஆஸ்கார் பரிசு வாங்கிக் கொடுத்த 'தி பிரைம் ஆப் மிஸ் ஜீன் பிரோடி' படத்தில் இவர் சங்கீத வாத்தியார். ரோனா ஆண்டர்சன் அதே பள்ளியில் ஆசிரியை. நாயகியின் பின்னால் அலைந்து ஓய்ந்த வாத்தியார், கடைசியில் நிச்சயம் செய்துகொள்வது இந்த ஆசிரியையைத்தான். திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுக்குப் பிறகு சொந்த மனைவியோடு திரையில் மறுபடியும் ஒரு நிச்சயதார்த்தம்!

நடைக் கூலியும் ஒரு நன்றியும்

1957-ல் வந்த 'ஹெல் டிரைவர்ஸ்' படத்தில் இவர் லாரி ஓட்டுநர்களில் ஒருவர். சரளைக் கல் ஏற்றும் லாரிகள். எத்தனை நடை அடிக்கிறார்களோ அத்தனைக்குத்தான் கூலி. அதனால் உயிரைப் பணயம் வைத்துப் பறக்கிறார்கள். இல்லாத ஐந்து ஓட்டுநர்கள் பெயரில் சம்பளம் எழுதி, மேலாளும் அவன் கையாளும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அந்த ஐந்து பேரின் வேலையும் மற்றவர் முதுகில் விழுகிறது. கிலோக் கணக்கில் பால் நிறுத்துக் கூலி வாங்கிய நம் மக்களுக்கு இந்தக் கதையை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டுமா?

ஆனால் உலகம் முழுக்க இவரை நினைவில் வைத்திருப்பது 1963-ல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில்தான். 1944-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜெர்மானியர் முகாம் ஒன்றிலிருந்து சுரங்கம் தோண்டி 76 கைதிகள் தப்பிய உண்மைச் சம்பவம் அது. தப்பிப்போகும் ஆட்களுக்கு வேற்று மொழியும் வேற்று நடையும் பழக்கிவிடுவது இவர் வேடத்தின் பொறுப்பு. "ஜாக்கிரதை! அவர்கள் திடீரென்று ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பார்கள், மறந்தும் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிடாதே" என்று மற்றவர்களைச் சோதித்துச் சோதித்துப் பயிற்சி கொடுப்பவரும் இவரே.

கடைசியில் நடப்பது என்ன? மாறுவேடத்தில் பேருந்தில் ஏறப் போகிறார். சோதனை எல்லாம் முடிந்தது. காவலன் சாதாரணமாக ஆங்கிலத்தில் வாழ்த்துச் சொல்கிறான். வாய் தன்னை அறியாமல் ஆங்கிலத்திலேயே நன்றி சொல்லிவிடுகிறது! ஒரே ஒரு சொல். ஊருக்குப் புத்தி சொன்னவர் அந்தப் புத்தியிலேயே சிக்கினார். அந்தக் கணத்தில் அவர் முகம் மாறுவதைப் பாருங்கள்; வசனமே தேவையில்லை. உண்மைச் சம்பவத்தில் பிடிபட்டவர்களில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். கதையிலும் இவர் அந்த ஐம்பதில் ஒருவர். பெரிய பெரிய கதாநாயகர்கள் நிறைந்த அந்த மூன்று மணி நேரப் படத்தில், பார்த்தவர் எவரும் மறக்காத காட்சிகளில் இதுவும் ஒன்று.

நாடக மேடையிலும் இவர் பெயர் சிறியதல்ல. 1955-ல் ஆர்சன் வெல்ஸ் லண்டனில் நடத்திய 'மோபி டிக்' நாடகத்திலும், 1966-ல் 'மேக்பெத்' நாடகத்தில் பாங்கோவாகவும், 1969-ல் 'ஹாம்லெட்' நாடகத்தில் நாயகனின் உயிர்த்தோழன் ஹொரேஷியோவாகவும் நடித்தார். பாருங்கள், அங்கேயும் தோழன் வேடம்தான்! ஆனால் அந்தத் தோழனுக்கே பரிசும் கிடைத்தது.

சமையற்கட்டுக்கு அரசர்

இனி வருவது இவர் வாழ்வின் உச்சம். 1971 முதல் 1975 வரை லண்டன் தொலைக்காட்சியில் 68 பகுதிகளாக வந்த தொடர் 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்'. மேல்மாடியில் பிரபுக் குடும்பம், கீழ்த்தளத்தில் வேலைக்காரர்கள். ஒரே கூரை, இரண்டு உலகம். 1903 முதல் 1930 வரை அந்த வீட்டில் நடந்தவையே கதை. இதில் ஹட்சன் என்ற தலைமைப் பட்லர் வேடம் கோர்டன் ஜாக்சனுக்கு.

துரை பங்களாவில் சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள், துரைசானியின் பிள்ளையை வளர்த்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. பங்களாவின் முன்வாசல் அழகு ஊருக்குத் தெரியும். பின்கட்டில் நடப்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும். இந்தத் தொடர் பின்கட்டின் கதவைத் திறந்து காட்டியது. வேலைக்காரருக்கும் பெருமை உண்டு, பொறாமை உண்டு, காதல் உண்டு என்று காட்டியது.

ஹட்சன் எப்படிப்பட்டவர்? மடிப்புக் கலையாத உடை, அளந்து பேசும் ஸ்காட்லாந்துப் பேச்சு, கடவுள் பக்தி, வெள்ளிப் பாத்திரத்தில் ஒரு விரல் ரேகை பட்டாலும் பொறுக்காத கண்டிப்பு. உலகத்தில் அவரவர்க்கு ஓர் இடம் உண்டு, அந்த இடத்தில் நின்று கடமையைச் செய்வதே தர்மம் என்பது அவர் கொள்கை. இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். கடமையை ஒழுங்காகச் செய்வது பெருமைதான். ஆனால் "நீ பிறந்த இடம் இதுதான், இதற்கு மேல் ஆசைப்படாதே" என்பதும் அதே வாயில்தான் வருகிறது. ஹட்சனை மதிக்கலாம். ஹட்சன் சொல்வதையெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா? இந்தக் கேள்வியை நடிகர் மறைக்கவில்லை. நல்லவரின் நல்ல குணத்தையும் குறுகிய குணத்தையும் சேர்த்தே காட்டினார்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால், அவருக்கு 1976-ல் அமெரிக்காவின் எம்மி விருதைப் பெற்றுத் தந்த பகுதியையே சொல்லலாம். முதல் உலகப் போர்க் காலம். ஜெர்மானியர் என்றாலே வெறுப்பு. நிதானமே உருவான ஹட்சனையும் அந்த வெறி பற்றிக்கொள்கிறது. அதே ஊரில் ரொட்டிக்கடை வைத்துப் பிழைக்கும் ஓர் ஜெர்மானியக் குடும்பத்தின் கடையைக் கும்பல் தாக்க, அவர்கள் இந்த வீட்டில் வந்து அடைக்கலம் தேடுகிறார்கள். நல்ல மனிதர் என்று நாம் நம்பியவர் வெறுப்பில் விழுவதைப் பார்க்கும்போது நமக்கே உடம்பு கூசும். பல இனங்கள் ஒரே வரிசை வீட்டில் வாழும் நாட்டில் இருக்கும் நமக்கு அதில் ஒரு பாடம் இல்லையா?

தொடர் முடியும்போது ஹட்சனும் சமையற்காரி திருமதி பிரிட்ஜஸும் மணம் செய்துகொண்டு, சொந்தமாக விடுதி நடத்தக் கிளம்புகிறார்கள். பிறர் வீட்டுக் கதவைத் திறந்து திறந்து மூடியவர், கடைசியில் தம் சொந்தக் கதவுக்குப் போகிறார்.

ஒரு வேடத்தில் இவ்வளவு பெயர் வாங்கினால் நடிகர் அதிலேயே மாட்டிக்கொள்வது வழக்கம். இவர் மாட்டிக்கொள்ளவில்லை. 1977 இறுதியில் தொடங்கி 1983 வரை வந்த 'தி புரொஃபஷனல்ஸ்' தொடரில், துப்பறியும் படைக்குத் தலைவரான கௌலியாக, காலைச் சாய்த்து நடந்து, இரண்டு முரட்டு இளைஞர்களை அதட்டி வேலை வாங்கினார். வெள்ளித் தட்டு ஏந்திய கை இதுதானா என்று சனங்கள் வியந்தார்கள். 1979-ல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருதும் கிடைத்தது.

நம் நாட்டு மண்ணைத் தொட்ட கதை

1981-ல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி எடுத்த 'எ டவுன் லைக் ஆலிஸ்' நமக்குச் சற்று நெருக்கமானது. நெவில் ஷூட் 1950-ல் எழுதிய நாவல். ஜப்பானியர் காலத்தில் மலாயாவில் சிறைப்பட்ட வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் ஊர் ஊராக நடத்திச் செல்லப்படுகிறார்கள். பலர் வழியிலேயே மடிகிறார்கள். மிஞ்சியவர்களுக்கு ஒரு மலாய்க் கம்பம் இடம் கொடுத்துக் காப்பாற்றுகிறது. போர் முடிந்து நாயகிக்குச் சொத்து வந்ததும் அவள் முதலில் செய்யும் காரியம் என்ன தெரியுமா? அந்தக் கம்பத்துப் பெண்கள் தண்ணீர் சுமக்கத் தூரம் போகாதிருக்க ஒரு கிணறு வெட்டிக் கொடுக்கிறாள்!

அவள் சொத்தைப் பாதுகாக்கும் வயதான வழக்கறிஞராகக் கோர்டன் ஜாக்சன் நடித்தார். அந்தப் பெண்மீது மனத்துக்குள் அன்பு வைத்து, அதை வெளியே சொல்லாமலே அவளை இன்னொருவனோடு வாழ வழியனுப்பி வைக்கும் முதியவர். ஆஸ்திரேலியாவின் லோகி விருது இதற்குக் கிடைத்தது.

அது வெள்ளைக்காரப் பெண்களின் கதை. அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர்களின் கதை வேறு. அதை நம் பாட்டன்மார் வாயால் கேட்டிருக்கிறோம். இருந்தாலும் அந்த இருண்ட காலத்தை உலகம் அறியச் சொன்ன கதைகளில் ஒன்றில் இவருக்கும் பங்கு உண்டு என்பதால் சொல்லி வைத்தோம்.

1985-ல் 'தி ஷூட்டிங் பார்ட்டி' படத்தில், பிரபுக்களின் வேட்டை விளையாட்டில் குண்டு பட்டுச் சாகும் ஏழை வேடனாக நடித்தார். பெரியவர்களின் பொழுதுபோக்குக்கு எளியவன் உயிர் விலையாகிறது. பிரபு வீட்டுப் பட்லராகப் புகழ் பெற்றவர், அதே பிரபுக்களின் துப்பாக்கியில் மடியும் காட்சி அது.

எலும்புப் புற்றுநோய் கண்டு, 1990-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லண்டனில் தம் 66-ஆம் வயதில் காலமானார். ரோனா அம்மையார் 2013-ல் மறைந்தார்.

பதினைந்து வயதில் பள்ளியை விட்ட பையன், ஒரு படத்தில் நடித்ததும் மேசைக்குத் திரும்பிப் போன பையன், சிப்பாயாகவும் லாரிக்காரனாகவும் வாத்தியாராகவும் பட்லராகவும் வாழ்ந்து காட்டிய கதை இது. இவர் செய்த வேடங்களில் பல, உழைத்துப் பிழைக்கும் மனிதர்களின் வேடங்கள். அவர்களில் ஒருவரையும் இவர் கேலிப் பொருளாக்கவில்லை. நகைச்சுவை வேடத்திலும் அந்த மனிதனுக்கு மானம் உண்டு என்பதை விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த முறை வீட்டில் குடும்பத்தோடு படம் பார்க்க உட்காரும்போது, முதல் இரண்டு பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பெயர்களையும் பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.